கடலோர வீட்டுச் சுவருக்கு ஒரிஜினல் ஓவியமா, பிரிண்டா?

படம் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால், மாட்டப்போகிற சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். விடிகாலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவை. கை பிசுபிசுத்தாலோ, மாவு மாதிரி வெள்ளையாக ஏதாவது விரலில் ஒட்டினாலோ, அந்தச் சுவருக்கு ஒரிஜினல் வேண்டாம். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வேண்டாம். அந்த வெள்ளை, சுவர் கக்குகிற உப்பு.

ராமநாதபுரத்தில் பிரேம் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. அப்போதெல்லாம் கல்யாண போட்டோ, சாமி படம், மக்கா மதினா படம், திருஇருதய ஆண்டவர் படம், இவைதான் வரும். இப்போது கீழக்கரையில் புதுவீடு கட்டுகிறவர்கள், ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்கள், வேலை மாற்றலாகி மண்டபம் ஊரில் குடியிருப்பவர்கள் என்று பலரும் வருகிறார்கள். “ஹாலுக்கு ஒரு நல்ல படம் வேணும்க்கா. ஒரிஜினல் வாங்கலாமா, பிரிண்ட் போதுமா?” என்பதுதான் கேள்வி. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் கையிருப்பையும் ரசனையையும் வைத்தே பதில் சொல்லிவிடலாம். இந்தக் கரையில் காற்றையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் சுவர்

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல்காற்று கொண்டுவந்து பிரேமின் பின்பக்கம் படியவைக்கிற உப்புத் தூசி ராத்திரி முழுக்க இதைத்தான் செய்கிறது. மதியம் காய்கிறது, ராத்திரி மறுபடி நனைகிறது. பின்னால் அடித்த ஹார்ட்போர்டு ஊதும். ஆணி துருப்பிடித்து, அந்தத் துரு காகிதத்தில் பழுப்புப் புள்ளியாக இறங்கும். ஈரம் 70 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். நீர்வண்ணத்தில் பிசின் இருக்கிறது, நல்ல தாளில் ஜெலட்டின் பூச்சு இருக்கிறது. இரண்டும் பூஞ்சைக்கு விருந்து.

அடுத்தது வெயில். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வைக்கிற அளவுக்கு இந்த மாவட்டத்தில் வெயில் காய்கிறது. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் எத்தனை மணி நேரம் வெயில் வாங்குகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். நேரடி வெயில் விழுந்தால் எந்த வண்ணமும் தப்பாது. கண்ணாடி போட்டாலும் வேகம் குறையுமே தவிர நிற்காது.

இதை வைத்து நான் சொல்வது இப்படி: கடலைப் பார்த்த சுவர், திண்ணை, வராந்தா, மாடிப்படி ஆகியவற்றுக்குப் பிரிண்ட். போனால் போகிறது என்று நாலைந்து வருடத்தில் மாற்றிக்கொள்ளலாம். வெளிச்சுவராக இல்லாத, இரண்டு அறைக்கு நடுவே நிற்கிற உள்சுவர் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். ஒரிஜினலுக்கு அதுதான் இடம். அந்தச் சுவர் ஹாலில் அமையாமல் படுக்கையறையில் அமைந்தால் ஓவியமும் படுக்கையறைக்கே போகட்டும். வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கடல்பக்கச் சுவரில் மாட்டுவது வீண். புதுச்சுவராக இருந்தால் ஒரு மழைக்காலம் தாண்டட்டும். பூச்சில் இருக்கும் ஈரம் வெளியே வர அவ்வளவு நாள் ஆகும்.

உட்சுவர் என்ன செய்யும் என்பதற்கு ஊரிலேயே சாட்சி இருக்கிறது. அரண்மனைக்குள் ராமலிங்க விலாசம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதிகள் எழுதவைத்த சுவரோவியங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன: ராமாயணக் காட்சிகள், போர்க்களம், ஐரோப்பியர் வந்து சேதுபதியைச் சந்திக்கும் காட்சி. தடித்த சுவர், மங்கலான வெளிச்சம். ஓவியம் வாங்க நினைக்கிற யாரையும் முதலில் அங்கே போய் அரைமணி நேரம் நின்றுவிட்டு வரச் சொல்வேன். தூரிகைக் கோடு எப்படித் தடித்துத் தொடங்கி மெலிந்து முடிகிறது என்று கண் பழகிவிட்டால், பிறகு கடைக்காரர் பேச்சில் அவ்வளவு சுலபத்தில் விழமாட்டீர்கள்.

எது ஒரிஜினல், எது பிரிண்ட்

கேன்வாஸிலோ தாளிலோ பலகையிலோ ஓவியர் கையால் வரைந்த ஒரே ஒரு படம், ஒரிஜினல். அதை ஸ்கேன் செய்தோ படமெடுத்தோ இயந்திரத்தில் அச்சடித்தால் பிரிண்ட். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. மரத்திலோ லினோலியத்திலோ செதுக்கி, செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து, கல்லில் வரைந்து, ஓவியரே மை பூசி ஒவ்வொன்றாக எடுக்கிற அச்சு. அடியில் இடது மூலையில் பென்சிலில் 7/30 என்பது போல எழுதியிருக்கும்: முப்பது பிரதியில் இது ஏழாவது. வலது மூலையில் கையெழுத்து. இதுவும் ஒரிஜினல் கணக்கில்தான் வரும். ஆனால் அதே ஓவியரின் கேன்வாஸை விட விலை நன்றாகவே குறைந்திருக்கும். தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் இந்த அச்சுக்கலையில்தான் பெயர் எடுத்தார். கொஞ்சம் பணம் இருக்கிறது, கேன்வாஸ் வாங்கும் அளவுக்கு இல்லை என்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். சென்னை போகிறபோது கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமியிலும், ஈஞ்சம்பாக்கத்தில் 1966 முதல் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமத்திலும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டரில் அச்சடித்த பிரிண்டிலும் இப்போது 7/30 என்று எழுதி விற்கிறார்கள். எண் போட்டதால் அது கையால் எடுத்த அச்சாகிவிடாது. “எந்த முறையில் எடுத்தது?” என்று கேளுங்கள். பதில் வழுக்கினால் பிரிண்ட் விலையே கொடுங்கள்.

கண்டுபிடிப்பது எப்படி

பிரிண்ட் வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பிரிண்டை ஆயில் பெயிண்டிங் என்று சொல்லி ஆயில் பெயிண்டிங் விலைக்குத் தலையில் கட்டுவதுதான் அக்கிரமம். சுற்றுலா ஊர்களில் இது சகஜம். அச்சடித்த கேன்வாஸ் மேலே நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் தடவிவிடுவார்கள். தொட்டால் மேடுபள்ளமாக இருக்கும். வாங்குகிறவர் அசந்துவிடுவார்.

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் அடங்கும். படத்தில் ஒரே நிறமாகத் தெரிகிற இடத்தில், கன்னம், வானம், இந்த மாதிரி இடத்தில், அதை ஒட்டவைத்துப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூவாக வரிசை கட்டி நின்றால் அது ஆப்செட் அச்சு. வரிசையில்லாமல் தூவியது போல நுண்புள்ளிகள் இருந்தால் இங்க்ஜெட். புள்ளியே இல்லாமல் நிறம் இழுபட்டு, கோட்டின் ஓரத்தில் வண்ணம் லேசாகக் குவிந்திருந்தால் கையால் வரைந்தது.

அப்புறம் போன் டார்ச்சைப் போட்டு, படத்தின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடியுங்கள். வரைந்த ஓவியத்தில் மேடுகள் வரைந்ததோடு சேர்ந்து போகும். அலை வளைகிற இடத்தில் மேடும் வளையும், பாய்மரத்தின் ஓரத்தில் நிற்கும். ஜெல் தடவியதில் மேடு ஒரு வழி, படம் ஒரு வழி. ஒரு தடவை ஒரு லாட்ஜ்காரர் கொண்டுவந்த பாம்பன் பாலத்துப் படத்தில் கடல், தூண், ரயில், வானம் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி வட்ட வட்டமாகத் தூரிகை போயிருந்தது. டார்ச் அடித்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. இன்னும் சந்தேகம் என்றால் கேன்வாஸின் விளிம்பைப் பாருங்கள். சட்டத்தில் மடிகிற இடத்தில் அச்சின் நிறம் வெடித்து உள்ளே வெள்ளை தெரியும். வரைந்ததில் வண்ணம் அங்கங்கே வழிந்து, ஒழுங்கில்லாமல் நிற்கும்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு வேறு சோதனை. தங்க ரேக் அசலாக இருந்தால் கறுக்காது. போலித் தகடு இந்தக் காற்றில் சில வருடத்திலேயே கறுத்தோ பச்சை பூத்தோ காட்டிக்கொடுத்துவிடும். வாங்கும்போதே பில்லில் தங்கம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது மரப்பலகையும் அதன் மேல் பூசிய சுண்ணப்பூச்சும் என்பதால் ஓதம் அடிக்கிற சுவருக்கு இது ஆகவே ஆகாது.

எந்த வண்ணம் தாங்கும்

ஒரிஜினல்தான் என்று முடிவு செய்துவிட்டால், நம் கடற்கரைக்கு நான் முதலில் சொல்வது கேன்வாஸில் அக்ரிலிக். காய்ந்த பிறகும் நெளிந்து கொடுக்கும், கண்ணாடி தேவையில்லை. ஆயில் அழகுதான். ஆனால் துணி ஈரத்தில் ஒரு மாதிரியும் வெயிலில் ஒரு மாதிரியும் இழுக்கும்போது வயதான ஆயில் படலம் கூடவே நெளியாமல் விரிசல் விடும். புது ஆயில் ஓவியம் முழுசாகக் காய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும், அதற்கப்புறம்தான் வார்னிஷ் அடிக்க வேண்டும். போன வாரம் வரைந்தது என்று சொல்லி பளபளவென்று வார்னிஷோடு கொடுத்தால் யோசியுங்கள். நீர்வண்ணம் கண்டிப்பாகக் கண்ணாடிக்குள், உள்சுவரில். ஓவியரிடம் டியூப்பைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை. நல்ல கம்பெனி வண்ணங்களில் வெளிச்சம் தாங்கும் தரம் அச்சிட்டிருப்பார்கள். அலிசரின் கிரிம்ஸன் என்ற சிவப்பு வெளுக்கும்; அல்ட்ராமரைன் நீலமும் காவி நிறங்களும் நிற்கும்.

ஒரிஜினல் என்றாலே கடல்பக்கச் சுவர் கூடாது என்று மேலே சொன்னேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். படகு ஓவியரிடம் வாங்குவது.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் கரைகளில் படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், பெயரும் மாதாவும் அந்தோணியாரும் முருகனும் பிறையும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டிக்கரும் பிளக்ஸும் வந்து பாதி வேலையைப் பிடுங்கிக்கொண்டாலும் கை போகவில்லை. அவர்கள் போடுவது எனாமல். உப்புத் தண்ணீரில் கிடக்கிற மரத்துக்கு அடிக்கிற வண்ணம் உங்கள் வராந்தாவுக்குத் தாங்காதா? 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் வாங்குங்கள். மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரக்குறி ஐஎஸ் 710, அந்த முத்திரை இருக்கிறதா பாருங்கள். இரண்டு பக்கமும் நாலு விளிம்பும் பிரைமர் அடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். விளிம்பை விட்டுவிட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். என்ன வரையலாம் என்று அவரிடமே கேளுங்கள். போனில் ஒரு படத்தைக் காட்டி இதே மாதிரி போடுங்கள் என்றால் அரைமனதாக வரும். அவர் கை தினமும் போடுகிற மீன், நங்கூரம், எழுத்து, பூக்கொடி, இவற்றைக் கேட்டால் ஒரே இழுப்பில் விழும். அந்த எழுத்தின் நிழற்கோடு ஒன்றுக்காகவே நான் காசு கொடுப்பேன்.

போகிற நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறி மராமத்து நடக்கும்போது அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஜூன் கடைசியில் போனால் நின்று பேசுவார்கள். படம் நன்றாகக் காய்ந்ததும் கண்ணாடி வேண்டாம், நாலு துருப்பிடிக்காத திருகாணி போதும். ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: வெள்ளை எனாமல் இருட்டு அறையில் மஞ்சளாகும், வெளிச்சமான திண்ணையில் அவ்வளவு ஆகாது.

பிரிண்ட் என்றால் இளப்பமா?

நம் வீடுகளில் ஓவியம் நுழைந்ததே பிரிண்டாகத்தான். ராஜா ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் போட்ட பிறகுதான் சாதாரண வீட்டுக்கும் லட்சுமியும் சரஸ்வதியும் வண்ணத்தில் வந்தார்கள். அப்புறம் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி ஊரெல்லாம் போயின. அந்தச் சிவகாசியும் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம்தான் என்பதை இளசுகளுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஆகவே பாட்டி வீட்டில் பழைய ரவி வர்மா படம் இருந்தால், பிரிண்ட்தானே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அதைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே வாங்குகிறவர்கள் லென்ஸைக் கொண்டுபோங்கள். அந்தக் காலத்து ரவி வர்மா படங்கள் கல்லில் வரைந்து எடுத்த கல்லச்சு; அதில் புள்ளிகள் மணல் சிதறியது போல ஒழுங்கற்று இருக்கும். பூ வரிசை தெரிந்தால் புதுசாக ஆப்செட்டில் அடித்துப் பழைய பிரேமில் போட்டது. பழைய படம் கண்ணாடியில் ஒட்டிப்போயிருந்தால் உரிக்கவே உரிக்காதீர்கள், கண்ணாடியோடு அப்படியே புது பிரேமில் போடலாம்.

பூஜை அறைக்கு எப்போதும் பிரிண்ட்தான். எண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும் கேன்வாஸில் ஏறினால் எடுக்க முடியாது.

புதிதாகப் பிரிண்ட் எடுக்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொடுத்து மூன்றடிக்குப் போடச் சொல்கிறார்கள். வராது. ஏ3 அளவில், கையில் எடுத்துப் பார்க்கும் தரத்துக்கு 3508-க்கு 4961 பிக்சல் வேண்டும். இரண்டடிக்கு மூன்றடி என்றால், தள்ளி நின்று பார்ப்பது என்பதால், 3600-க்கு 5400 இருந்தால் ஒப்பேற்றலாம். மை “பிக்மென்ட்” மையா, “டை” மையா என்று கேளுங்கள். டை மை இங்கே சீக்கிரம் வெளுக்கும். தாள் அமிலமில்லாத பருத்தித் தாளாக இருந்தால் மஞ்சளாகாது. யார் படம் என்பதும் முக்கியம். நம் சட்டப்படி ஓவியர் இறந்து 60 வருடம் வரை உரிமை அவர் குடும்பத்துக்கு. ரவி வர்மா இறந்தது 1906, அதனால் தாராளமாக அடிக்கலாம். இன்று இருக்கிற ஓவியரின் படத்தை இணையத்திலிருந்து இறக்கி அடித்துத் தரச் சொன்னால் நான் அடிப்பதில்லை. ஒரிஜினலை நீங்களே விலைக்கு வாங்கியிருந்தாலும் பிரதி எடுக்கும் உரிமை தானாக உங்களுக்கு வந்துவிடாது.

பிரேமும் மாட்டுவதும்

படத்துக்குப் பத்தாயிரம் கொடுத்துவிட்டு பிரேமுக்கு முந்நூறில் முடிக்கப் பார்ப்பவர்களிடம் நான் தகராறே செய்வேன். இங்கே படத்தைக் காப்பாற்றுவது பிரேம்தான். கண்ணாடி படத்தில் ஒட்டக்கூடாது. நடுவில், படத்தைச் சுற்றி வைக்கிற தடித்த அட்டையான மவுண்ட் போர்டு, அமிலமில்லாததாகப் பார்த்துப் போட்டால் அந்த இடைவெளி கிடைத்துவிடும். பின்பக்கம் ஹார்ட்போர்டு வேண்டாம், நெளிநெளியான பிளாஸ்டிக் ஷீட் போடச் சொல்லுங்கள். படத்தைப் பலகையில் பசை போட்டு ஒட்டும் லேமினேஷன், காலண்டர் படத்துக்குச் சரி. ஒரிஜினலுக்கோ எண்ணிட்ட அச்சுக்கோ செய்தால் அதோடு அதன் மதிப்பு போயிற்று. இரும்புக் கம்பிக்குப் பதில் முறுக்கிய நைலான் கயிறு, வலைக்கடையில் கிடைக்கும். கடைசியாக, பழைய சைக்கிள் டியூப்பை அரை அங்குலத் துண்டாக வெட்டி மூன்று நான்கு அடுக்காக பிரேமின் பின்னால் கீழ் இரண்டு மூலையிலும் ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓட அந்த இடைவெளி போதும்.

நம் ஊரில் நிலைக்கு மேலே, கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிற உயரத்தில்தான் மாட்டுகிறார்கள். தாத்தா பாட்டி படத்துக்கு அது மரியாதை. ஓவியத்துக்கு அதன் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருக்கட்டும். சோபாவுக்கு மேலே என்றால் படத்தின் அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் பொருந்தும். அவ்வளவு பெரிய ஒரிஜினலுக்கு வசதியில்லை என்றால் சின்ன ஒரிஜினல் ஒன்றை வேறு இடத்தில் தனியாக மாட்டுங்கள். சுற்றிலும் பிரிண்டுகளை நெருக்கி அதை நடுவில் தொலைக்காதீர்கள்.

கண்ணாடி துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். நேராகக் கண்ணாடியில் அடித்தால் கீழ்விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்து, போகிக்கு வீட்டை ஒழிக்கிறபோது எல்லாப் படத்தையும் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் அன்றைக்கே பிரேம் கடைக்குக் கொண்டுபோங்கள். வாங்கிய பில்லில் ஓவியர் பெயர், தலைப்பு, அளவு, ஊடகம் (எந்த வண்ணம், எதன் மேல் வரைந்தது), வருடம் ஐந்தும் இருக்க வேண்டும். அந்தப் பில்லை பிரேமுக்குப் பின்னால் கவரில் போட்டு ஒட்டுவது பலரின் வழக்கம். ராமபாணப் பூச்சி முதலில் அதைத்தான் தின்னும். போனில் படமெடுத்துக்கொண்டு, அசலைப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள்.